கெலுகோர் சாலையில் வழி விட்டவன்

கோப்பி நன்றாக இருக்கிறது, ஐயா. ஸ்டேஷன் கோப்பி என்றால் கழுநீர் மாதிரி இருக்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இது அப்படி இல்லை. தெரிந்திருந்தால் கொஞ்சம் முன்னாலேயே வந்திருப்பேன். பஷீரும் கொஞ்சம் முன்னாலேயே வீட்டுக்குப் போயிருப்பான்.

துரைக்கு அவசரம் என்றால் அவர் தம் அறைக்குப் போகட்டும். நான் தமிழில் சொல்கிறேன், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு இங்கிலீஷில் மாற்றி அவரிடம் கொடுத்தால் போதும். விஷயம் சின்னதுதான். கெலுகோர் சாலையில் தோட்டத்துக் கிராணி கார்த்திகேசு செத்துப்போன வழக்கில் என்னிடம் வேலை செய்கிற பஷீரைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். அவன்மேல் தப்பு இல்லை. தப்பு என்ற சொல்லை அப்படியே எழுத வேண்டாம், அது பெரிய சொல். அவன் பொறுப்பில்லை என்று எழுதுங்கள். யார் பொறுப்பு என்பதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

என் பெயர் குமரப்பன். பினாங்கு ஸ்திரீட்டில் வட்டிக்குக் கொடுக்கிற செட்டியார் கிட்டங்கிகள் வரிசையாக இருக்கின்றனவே, அதில் ஒன்றில் பெட்டியடியில் எடுபிடிப் பையனாக வந்து சேர்ந்தவன். அங்கே நான் கற்றுக்கொண்டது வட்டிக் கணக்கை விட வாய்க் கணக்குத்தான். எங்கள் தெருவில் ஒருவன் ஒரு சொல் வைத்தால் அதற்கு மேலே ஒரு சொல் வைக்கத் தெரிய வேண்டும். தெரியாதவனை ஏமாற்ற மாட்டார்கள். அதைவிட மோசம், பரிதாபப்படுவார்கள். ஒரு தடவை புடவைக் கடைக்காரர் ஒருவர், "இந்தத் துணி உங்க ஆயுசுக்கும் கிழியாது" என்றார். "அப்பப் பாதி வெலைக்குத் தாரும், நான் பாதி ஆயுசத் தாண்டியாச்சு" என்றேன். அந்தப் பதிலைத் தெருவே ஒரு மாதம் சொல்லிக்கொண்டு திரிந்தது. எனக்கு அதுதான் சொத்து.

லேவாதேவியில் மனம் ஒட்டாமல் ஒரு பழைய லாரியை வாங்கினேன். இந்தத் தீவில் மோட்டார் கார் வாங்குகிறவர்கள் பெருகிக்கொண்டே போனார்கள். ஓட்டத் தெரிந்தவர்கள் அந்த அளவுக்குப் பெருகவில்லை. பாயான் லெப்பாஸ் பக்கம், பாலேக் பூலாவ் மேட்டில் என்று எங்கேயாவது ஒன்று நின்றுபோய்க் கிடக்கும். போய் வடம் கட்டி டவுனுக்கு, பட்டறைக்கு இழுத்து வருவது என் தொழில். கிட்டங்கியில் மூத்தவர் முத்துவீரப்பன் அண்ணனுக்கு இது பிடிக்கவில்லை.

"ஏண்டா குமரப்பா, நம்ம சாதியில பொறந்து அடுத்தவன் வண்டிய இழுத்துட்டுத் திரியறியே" என்றார்.

"நீங்களும் அடுத்தவன இழுத்துட்டுத்தாண்ணே திரியறீங்க. நீங்க கோர்ட்டுக்கு, நான் பட்டறைக்கு" என்றேன்.

அவரே சிரித்துவிட்டார். நான் யாரோடும் பகை வைத்துக்கொண்டவன் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

இனிமேல் சொல்வதைக் கொஞ்சம் கவனமாக எழுதுங்கள். இழுக்கும்போது நான் முன்னால் லாரியில். கெட்டுப்போன காரில் பஷீர் உட்கார்ந்து ஸ்டீரிங் பிடித்து வருவான். நடுவில் நீளமான இரும்புக் கம்பி வடம். ஆனால் சில நாள் நாங்கள் போய்த் தட்டிக்கொட்டினால் கார் கிளம்பிவிடும். அப்போது வடம் கிடையாது. பஷீர் அந்தக் காரைத் தானாகவே எனக்குப் பின்னால் ஓட்டி வருவான். பார்க்கிறவனுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான்: முன்னால் லாரி, பின்னால் கார், நடுவில் ஒரு வண்டி நுழைகிற அளவுக்கு இடம். அந்த இடத்தில் வடம் இருக்கிறதா இல்லையா என்று வேற்றாளுக்கு எப்படித் தெரியும்? அதற்குத்தான் துணி. வடத்தின் நடுவில் ஒரு முழ வெள்ளைத் துணி. துணி ஆடினால் வடம் உண்டு, நடுவில் வராதே. துணி இல்லையென்றால் வடம் இல்லை, தாராளமாக வா. அந்தச் சாலையில் இந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவனே நான்தான். மாட்டுவண்டிக்காரனிலிருந்து மோட்டார்க்காரன் வரை எல்லோருக்கும் தெரியும். சட்டப் புத்தகத்தில் இருக்கிறதோ என்னவோ, சாலையில் இருந்தது.

துணியைச் சுத்தமாக வைத்திருப்பது பஷீர் வேலை. அவன் வீட்டில் அவன் பெண்டாட்டி ஷரீஃபா துவைத்து, நீலம் போட்டுக் கொடுத்தனுப்புவாள். கிளம்பும் முன் லாரியிலிருந்தபடி "துணி?" என்று கேட்பேன். "ஆச்சுண்ணே" என்பான். அப்புறம்தான் வண்டி நகரும்.

இழுத்துப் போகிறவனுக்கு ஒரு தர்மம் உண்டு, ஐயா. பின்னால் வண்டிகள் சேர்ந்துவிட்டால் இடது பக்கம் ஒதுங்கி, கையை வெளியே நீட்டி, போ என்று காட்ட வேண்டும். தாண்டிப் போகிறவனுக்கும் ஒரு தர்மம் உண்டு. ஒரு கையைத் தூக்கிவிட்டுப் போக வேண்டும். நான் என் வழியில் கொஞ்சம் கொடுக்கிறேன், நீ ஒரு கை கொடுக்கிறாய். வியாபாரம் முடிந்தது. இந்த வியாபாரத்தில் நான் ஒருநாளும் குறை வைத்ததில்லை.

கார்த்திகேசு கை தூக்க மாட்டான்.

சுங்கை நிபோங் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் அவன் கிராணி, ஆபீஸில் கணக்கு எழுதுகிறவன். மோட்டார் சைக்கிள் வைத்திருந்தான். சாயங்காலம் வேலை முடிந்ததும் டவுனுக்குப் பறப்பான். அங்கே நாடக சபை ஒன்றில் அவன்தான் பபூன். ஒத்திகைக்கு நேரமாகிவிட்டது என்று எப்போதும் ஒரே அவசரம். நான் இழுத்துக்கொண்டு திரும்புகிற நேரமும் அதுதான். பின்னால் பாம் பாம் என்று ரப்பர் ஹாரன் கேட்கும். நான் ஒதுங்குவேன், கை காட்டுவேன். அவன் என் கதவுப் பக்கம் வந்ததும் வேகத்தைக் கொஞ்சம் குறைத்து, ஒரே ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு, முறுக்கிக்கொண்டு போய்விடுவான்.

முதல் நாள் சொன்னது இது: "அண்ணே, பெனாங்கு தீவுதான்லா, எங்கயும் ஓடிப்போவாது, மெதுவா வாங்க."

நன்றாகத்தான் இருந்தது, இல்லையா? நானே சிரித்தேன். சரக்கு நல்ல சரக்கு என்றால் போட்டிக்காரனுடையதாக இருந்தாலும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் நான் வாயைத் திறப்பதற்குள் அவன் அடுத்த வளைவில் இருந்தான்.

இன்னொரு நாள்: "செட்டியாரே, வண்டிய விட்டுட்டு வட்டிய இழுங்க, அது வேகமா வரும்."

இதற்கு எனக்குப் பதில் கிடைத்தது, ஆனால் ஜெலுத்தோங் வந்த பிறகுதான் கிடைத்தது. "வட்டி வேகமா ஓடுந்தம்பி, ஒன்ன மாதிரி ஆளத் தொரத்திக்கிட்டு" என்று லாரியிலிருந்து உரக்கச் சொன்னேன். சாலையில் ஒரு எருமை மட்டும் நின்றது. பட்டறை வந்து இறங்கியதும் பஷீர் கேட்டான்:

"யாருகிட்டண்ணே பேசிட்டு வந்தீங்க?"

"ஒன்கிட்டத்தான்."

"எனக்கு ஏதுண்ணே வட்டி?"

அவன் அப்படிப்பட்டவன். வெள்ளை மனசு. அதை எழுதிக்கொள்ளுங்கள், அவனுக்கு உதவும்.

மறுநாள் சொல்லலாமே என்பீர்கள். சொல்லிப் பார்த்தேன். அவன் வருமுன்பே பதிலை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அவன் வேறு ஒன்றைச் சொல்லிவிட்டுப் போய்விட்டான். நேற்றைய கேள்விக்கு இன்றைய பதில் தவணை தப்பிய உண்டியல் சீட்டு மாதிரி. எந்தக் கடையிலும் மாறாது. எங்கள் தெருவில் பேச்சென்றால் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்திருப்போம். நீ வைக்கிறாய், நான் வைக்கிறேன், கடைசியில் ஒருவன் எழுந்து போகிறான். இவன் வைத்துவிட்டு எழுந்து போய்க்கொண்டே இருந்தான். வேகமாகப் போகிறவனுக்குத்தான் கடைசிச் சொல் என்றால், மெதுவாகப் போகிறவன் வாயில் மண்ணா? நான் கோபப்படவில்லை. முறையில்லை என்று மட்டும் நினைத்தேன்.

பிறகு சித்ரா பௌர்ணமிக்குத் தண்ணீர்மலைக் கோயில் பக்கம் கொட்டகை போட்டு அவர்கள் சபை நாடகம் நடத்தியது. நானும் முத்துவீரப்பன் அண்ணனும் போயிருந்தோம். ராஜசபை நடக்கிறது. கார்த்திகேசு ஒரு கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு, அதன் மறுமுனையில் ஒரு ஓட்டைப் பானையைக் கட்டி, நடுவில் ஒரு வெள்ளைத் துணியைத் தொங்கவிட்டு, மேடையின் ஒரு மூலையிலிருந்து அடிமேல் அடி வைத்து வருகிறான். ராஜா பாடுகிறார், இவன் வருகிறான். மந்திரி பேசுகிறார், இவன் இன்னும் வருகிறான். ராணி அழுகிறாள், பாதி மேடை தாண்டியிருக்கிறான். ராஜா பொறுக்காமல், "யாரப்பா நீ?" என்று கேட்டார்.

"போன வருச நாடகத்துக்குக் கெளம்பினேன் மகாராஜா. இப்பத்தான் வந்து சேர்றேன்."

கொட்டகை அதிர்ந்தது. முத்துவீரப்பன் அண்ணன் என் தொடையில் அடித்து அடித்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தக் கொட்டகையில் என்னைவிடப் பலமாகச் சிரித்தவர் யாரும் இல்லை, கேட்டுப் பாருங்கள். முடிந்ததும் மேடைக்குப் பின்னால் போனேன். இந்தத் தடவை அவன் மோட்டார் சைக்கிளில் இல்லை, எதிரே நிற்கிறான், என்னிடம் பதிலும் இருந்தது. ஆனால் அவன் முகப்பூச்சோடு ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டான்.

"அண்ணே, தப்பா நெனைச்சுக்காதீங்க. உங்களாலதான் இன்னிக்கு எனக்கு ரெண்டு மாலை."

கட்டிக்கொண்டிருக்கிறவனிடம் என்ன பதில் சொல்வது? சட்டையில் அவன் பூசிய அரிதாரம் ஒட்டியதுதான் மிச்சம்.

அதற்கப்புறம் நான் வெள்ளைத்துணிச் செட்டியார் ஆனேன். பாசாரில் காய் விற்கிற நல்லம்மாள், "என்ன செட்டியாரே, நேத்துக் கெளம்பி இன்னிக்குத்தான் வாறீங்களா?" என்றாள். அவளுக்கு நான் பதில் சொல்லியிருக்கலாம். எனக்கு ஒன்றும் வரவில்லை, ஐயா. காய்க்காரியின் முன்னால் வாயடைத்து நின்றேன். அவள் என்ன செய்தாள் தெரியுமா? கொஞ்சம் கறிவேப்பிலை கூடப் போட்டுக் கொடுத்தாள். பரிதாபப்பட்டாள்.

சம்பவம் நடந்த அன்று என்ன நடந்தது என்று உங்களிடம் ஏற்கெனவே எழுதியிருக்கிறது. பாயான் லெப்பாஸில் நின்றுபோன ஒரு பழைய காரை இழுத்து வந்தோம். வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது, தூறல் வேறு. கெலுகோர் தாண்டித் தென்னந்தோப்புக்கு நடுவே சாலை குறுகுகிற இடத்தில் கார்த்திகேசு பின்னால் வந்தான். தாண்ட ஆரம்பித்தான். எதிரே தேங்காய் ஏற்றிய மாட்டுவண்டி. அவன் பின்வாங்கி, லாரிக்கும் காருக்கும் நடுவிலிருந்த இடத்துக்குள் நுழைந்தான். வடம் அவன் முன்சக்கரத்தைப் பிடித்தது. விழுந்தான். இழுபடுகிற காரில் பிரேக் ஏதோ பேருக்குத்தான் இருந்தது. பஷீர் மிதித்தான், நிற்கவில்லை.

சத்தம் பெரிதாக இல்லை. லாரியை நிறுத்திக் கைப்பிரேக் போட்டுவிட்டு இறங்கினேன். பஷீர் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு கலிமா சொல்லிக்கொண்டிருந்தான். இந்துவுக்குக் கலிமா எதற்கு என்று எனக்குத் தோன்றியது. ஆள் கூடுவதற்குள் முடிந்துவிட்டது.

உங்கள் ஆட்கள் வந்து வடத்தைப் பார்த்தார்கள். துணி இருந்தது. ஆனால் கன்னங்கரேல் என்று, எண்ணெய் ஊறி, வடத்தின் நிறத்திலேயே இருந்தது. இதை எவன் கண்ணால் பார்க்க முடியும் என்று துரை கேட்டார். துணி யார் பொறுப்பு என்றார். நான் பதில் சொல்லுமுன் பஷீரே சொன்னான்: "நாந்தாங்க." பிறகு துரை என்னைக் கேட்டார், துணி எப்போதும் இப்படித்தான் இருக்குமா என்று. நான் கொஞ்ச நேரம் தயங்கினேன். விசுவாசமான வேலைக்காரனைக் காட்டிக்கொடுக்க மனமில்லாத முதலாளி எப்படித் தயங்குவானோ அப்படி. "அவன் நல்லவன்தான் துரை, கொஞ்சம் மறதி" என்றேன். அந்தப் பதில் நல்ல பதில். எந்தப் பொய்யும் அதில் பெரிதாக இல்லை.

ஷரீஃபா என் பட்டறைக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அண்ணே, அந்தத் துணிய நாந்தானே தொவைச்சேன். நீலம் போட்டு, காயவச்சு, அன்னிக்குக் காலையில மடிச்சு அவரு பையில வச்சேன். கறுப்பாயிருந்துச்சுன்னு எப்படிண்ணே சொல்றாங்க?"

"ஒனக்கு நல்லா ஞாபகமிருக்காம்மா? வேற நாளா இருக்கப்போவுது."

"இல்லண்ணே. அன்னிக்குத்தான். வெள்ளையா இருந்துச்சு."

"அத நீ கோர்ட்டுல சொன்னா, பொண்டாட்டி புருசனுக்காகப் பொய் சொல்றாம்பாங்க. அவனுக்கு ரெட்டை ஆபத்து."

அவள் விடவில்லை. "அவரே இப்பச் சந்தேகப்படுறாருண்ணே. பாக்கப்போனப்ப, 'நான் துணிய மாத்தினேனா, பழசையே கட்டிட்டேனான்னு தெரியலியே புள்ள'ன்னு அழுவுறாரு. நீங்க கூடவே இருந்தீங்க. நீங்க சொன்னா நம்புவாங்க. ஒரு வார்த்தைண்ணே."

"பாக்கலாம்மா" என்றேன். ஒரு மூட்டை அரிசி வீட்டுக்கு அனுப்பினேன். அவள் திருப்பி அனுப்பிவிட்டாள். எனக்கு வருத்தமாக இருந்தது. கொடுத்ததைத் திருப்புவது மரியாதையில்லை.

துணி எப்படிக் கறுத்தது என்று இப்போது சொல்கிறேன். பஷீர் தொழுகை தவறாதவன். அன்றைக்கும் வடத்தை மாட்டி, வெள்ளைத் துணியைக் கட்டி, நான் கேட்க "ஆச்சுண்ணே" என்று சொல்லிவிட்டு, பக்கத்திலிருந்த சின்னப் பள்ளிவாசலுக்குத் தொழப் போனான். அவன் போனதும் லாரியில் இருந்த பழைய எஞ்சின் எண்ணெயை எடுத்துத் துணியில் ஊற்றிக் கையால் கசக்கினேன். அவ்வளவுதான். தற்செயலாகக் கையில் கிடைத்தது என்று சொல்லலாமா என்று வரும் வழியில் யோசித்தேன். வேண்டாம். அந்த டின் சில நாளாகவே என் இருக்கைக்கு அடியில் இருந்தது. மழைத் தூறலுக்காகக் காத்திருந்தேன். மங்கின வெளிச்சத்தில் நனைந்த துணி கறுப்பாகத்தான் தெரியும் என்று பஷீர் நினைத்துக்கொள்வான், அப்படியே நினைத்தான். துணியை அவிழ்த்தே எடுத்திருந்தால் அவன் கவனித்திருப்பான். நான் துணியை எடுக்கவில்லை, ஐயா. அது கடைசி வரை அங்கேயே இருந்தது. இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் செய்தாலும் ஒன்றும் நடக்காமல் போயிருக்கலாம். அவன் இரண்டு வண்டியையும் ஒரே மூச்சில் தாண்டிப் போயிருக்கலாம். அன்றைக்கு வராமலே இருந்திருக்கலாம். நான் இடம் மட்டும்தான் வைத்தேன். நுழைவதும் நுழையாததும் அவன் இஷ்டம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் மாட்டுவண்டி வந்தது. அவன் என் கதவுக்குப் பக்கத்தில் இருந்தான். முன்னால் போக வழியில்லை. நான் வலது கையை வெளியே நீட்டி, விரல்களை மடக்கி, பின்னால் காட்டினேன். நடுவில் இடம் இருக்கிறது, உள்ளே போ, வண்டி போனதும் வழி விடுகிறேன் என்று அதற்குப் பொருள். சாலையில் எவனுக்கும் புரியும். எங்கள் தெருவில் துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசுவார்கள், நீங்களும் பார்த்திருப்பீர்கள். வாய் என்ன பொய் வேண்டுமானாலும் சொல்லலாம், விரல் சொல்லக் கூடாது. விரலில் பொய் சொன்னவனோடு யாரும் மறுபடி துண்டு போட மாட்டார்கள். நான் அத்தனை வருஷத்தில் விரலில் பொய் சொன்னதில்லை. அன்றைக்கு ஒரு தடவை.

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டீர்கள், அவன் வழக்கம்போல ஏதாவது சொன்னானா என்று. நானும் யோசிக்காமல் சொல்லிவிட்டேன். மறுபடி சொல்லச் சொன்னால் சொல்கிறேன். என் கையைப் பார்த்தான். சிரித்தான். கேலிச் சிரிப்பு இல்லை. கையைத் தூக்கினான், முதல் தடவையாக. "ரொம்ப நன்றிண்ணே. அந்த இழுவை வேசத்த இனிமே போடமாட்டேன், எடுத்துட்டேன். உங்க மனசு நோகுதுன்னு பஷீரண்ணன் சொன்னாரு" என்றான். சொல்லிவிட்டு வேகத்தைக் குறைத்துப் பின்னால் போனான்.

என் கை அப்போது வெளியேதான் இருந்தது. அதை வேறு மாதிரி ஆட்டியிருந்தால் அவனுக்குப் புரிந்திருக்குமா என்கிறீர்கள். புரிந்திருக்கும். நேரம் இருந்ததா என்கிறீர்கள். ஒரு வாக்கியம் சொல்லுகிற நேரம் இருந்தது. அதற்குச் சரியான வாக்கியம் எனக்கு வரவில்லை. கையை உள்ளே எடுத்துக்கொண்டேன்.

அப்படியானால் ஏன் இப்போது வந்தேன்? பஷீருக்காகத்தான். நாளைக்கு அவன் வழக்கு. உள்ளே போனால் வருஷக்கணக்கில் என்கிறார்கள், அதற்கு மனசாட்சி இடம் தரவில்லை. அது ஒரு காரணம். இன்னொன்றும் இருக்கிறது, மறைப்பானேன். இப்போது கோப்பிக் கடைக்குப் போனால் கார்த்திகேசுவின் பேச்சுத்தான். செத்தபிறகு அவன் நகைச்சுவை இரட்டிப்பாகிவிட்டது. அவன் சொன்னதையெல்லாம் ஒருவன் சொல்ல, ஒன்பது பேர் சிரிக்கிறார்கள். பெனாங்கு தீவுதான்லா, எங்கயும் ஓடிப்போவாது. பிறகு பெருமூச்சு விட்டு, பாவம், அழுக்குத் துணியால செத்தான் என்கிறார்கள். மறதிக்காரப் பயலால் செத்தான் என்கிறார்கள். அத்தனை நாள் அவன் கேட்டதற்கெல்லாம் ஒருவன் ஒரே பதிலாகச் சொல்லி முடித்தான் என்பது ஒருவனுக்கும் தெரியவில்லை. சரக்கு என்னுடையது, முத்திரை பஷீருடையது. நீங்களே சொல்லுங்கள், இது நியாயமா?

எழுதி முடித்துவிட்டீர்களா? ஒருதரம் வாசியுங்கள்.

நல்ல எழுத்து. எண்ணெய் டின் சரியாக இருக்கிறது. கை காட்டியது சரியாக இருக்கிறது. கொலை என்று போட்டிருக்கிறீர்கள். போடுங்கள், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஷரீஃபா வெளியே மரத்தடியில் நிற்கிறாள், ஜன்னல் வழியாகத் தெரிகிறது. இந்தத் தாளில் என் கையெழுத்து விழுந்தால் இன்றைக்கே அவள் புருஷனைக் கூட்டிக்கொண்டு போகலாம், நாளைக்குக் கோர்ட்டில் நிற்க வேண்டியதில்லை. எனக்கும் அதுதான் ஆசை.

ஒரே ஒரு இடம். கார்த்திகேசு நன்றி சொன்னான், வேசத்தை எடுத்துவிட்டதாகச் சொன்னான் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரி. அது வழக்குக்குத் தேவையில்லாதது. நடந்ததை அது மாற்றப் போவதில்லை. எப்படிச் செத்தான் என்பதற்கும் அவன் என்ன சொன்னான் என்பதற்கும் என்ன சம்பந்தம்? இதைக் கோர்ட்டில் உரக்க வாசிப்பார்கள். பேப்பரில் வரும். கோப்பிக் கடையில் அதைத்தான் சொல்வார்கள். மற்றதை எவனும் சொல்ல மாட்டான். அவன் வழக்கம்போலக் கிண்டல் செய்துவிட்டுப் போனான் என்று எழுதுங்கள். அல்லது ஒன்றும் சொல்லவில்லை என்று எழுதுங்கள், அதற்கும் நான் சம்மதிக்கிறேன். இதற்குக் கீழே நான் இறங்க முடியாது.

முடியாது என்கிறீர்கள். சொன்னது சொன்னபடிதான் இருக்க வேண்டும் என்கிறீர்கள். சரி, கையெழுத்துப் போடாமல் பேனாவைக் கீழே வைக்கிறேன். துரையைக் கேட்டுவிட்டு வாருங்கள். நாளைக்கு வேண்டுமானாலும் சொல்லுங்கள், வழக்கு முடிந்தபின் வேண்டுமானாலும் சொல்லுங்கள். எனக்கு அவசரம் இல்லை. பஷீரும் பொறுமைசாலி. என் மனசு நோகக் கூடாது என்று நினைக்கிறவன், காத்திருப்பான்.